ஜெர்மன்காரர் வீட்டு அழுக்கு

அறுபதுகளின் நடுவில் தாராவியில் எங்கள் சந்தில் இருந்த பையன்களிலேயே அதிகக் கால்சட்டை கிழித்தவன் நான்தான். மாஹிம் பக்கம் போகும் பெரிய தண்ணீர்க் குழாய்க்கு முட்டுக் கொடுத்து அங்கங்கே சிமெண்டில் சரிவாகக் கட்டியிருப்பார்கள். குழாய் மேல் ஏறி, அந்தச் சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கிக் கீழே வருவதுதான் எங்கள் விளையாட்டு. மற்ற பையன்கள் இரண்டு தடவை வழுக்கிவிட்டு, வீட்டில் அடி விழுமே என்று எழுந்து போய்விடுவார்கள். எனக்கு அந்தப் புத்தி கிடையாது. என் காக்கிக் கால்சட்டையின் பின்பக்கத்தில் ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு, அசல் துணி எது, ஒட்டு எது என்று தைத்த அம்மாவுக்கே தெரியாமல் போனது. "இந்த மூதிக்குத் துணி எடுக்கதுக்குப் பதிலா தகரத்த வெட்டி மாட்டி விடலாம்" என்று நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொல்வாள்.

தகரம் கிடைக்கவில்லை. தோல் கிடைத்தது. அதற்குக் காரணம் அப்பாவின் சுத்தம்.

அப்பா ஒரு தோல் பட்டறையில் வெட்டுக்காரராக இருந்தார். பைக்கும் பெல்ட்டுக்கும் தோலை அளந்து வெட்டிக் கொடுப்பது அவர் வேலை. தோல் வேலைக்காரன் என்றாலே ரயிலில் பக்கத்தில் இருப்பவன் மூக்கைச் சுளிப்பான். அந்தச் சுளிப்பு அப்பாவுக்கு நெஞ்சில் தைத்த முள். அதனால் ஊரில் யாருக்கும் இல்லாத சுத்தம் அவருக்கு. வேலை முடிந்ததும் பட்டறைக் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டு, நகக்கண்ணுக்குள் ஈர்க்குச்சி விட்டுத் தோண்டி, கையை முகர்ந்து பார்த்து, திருப்தி இல்லாமல் மறுபடி சோப்புப் போடுவார். பின்னால் வாளியோடு நிற்பவர்கள் தாராவியில் வழங்கும் எல்லா பாஷையிலும் திட்டுவார்கள். அவர் காதில் விழாது.

பட்டறை முதலாளி எங்கள் ஜில்லாக்காரர், முஸ்லிம். ஐந்து வேளை தொழுகிறவர். ஆனால் ஆயுத பூஜையன்று பட்டறையைத் தொழிலாளிகளிடம் விட்டுவிட்டு, பொரி கடலைக்குக் காசும் கொடுத்துவிட்டு, வெளியே சந்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். "ஒங்க சாமிக்கு ஒங்க பாட்டுக்குச் செய்யுங்க. பொரியில எனக்கும் ஒரு பங்கு வரணும்" என்பார். பூஜைக்கு முந்தின நாள் பட்டறையில் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவியாக வேண்டும். கத்தி, கத்தரி, சுத்தியல், தையல் மெஷின் என்று ஒரு சாமான் தப்பாது. தேய்ப்பதற்குத் தலைவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருஷம் பூஜைக்குச் சில நாள் முன்னால் ஏஜெண்டு ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். ஏஜெண்டு மாட்டுங்காக்காரர். வெளிநாட்டு வியாபாரிகளுக்கு இங்கிலீஷில் எழுதி ஆர்டர் பிடித்துத் தருவது அவர் தொழில். இத்தனை வருஷம் தோலில் சம்பாதித்தும் அவர் தோலைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. சாம்பிள் எதுவானாலும் செய்தித்தாளில் சுற்றி, கயிற்றைப் பிடித்துத் தூக்கிவந்து மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பேசுவார். அன்று பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே ஒரு சின்னப் பையனின் தோல் கால்சட்டை இருந்தது. முழங்காலுக்கு மேல் நிற்கும் நீளம். தோளில் மாட்ட இரண்டு வார், நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை, கொம்பில் செய்த பித்தான். முன்பக்கத்தில் பெட்டிக்கடைப் பலகை மாதிரி மேலிருந்து கீழே திறக்கும் ஒரு கதவு. முதலாளி முதலில் கேட்ட கேள்வி, "இது எந்தத் தோலு?" பன்றி இல்லை, மான் என்று தெரிந்த பிறகுதான் கையில் எடுத்தார்.

ஜெர்மனியில் பையன்களுக்கு இதைத்தான் போடுகிறார்களாம். மரமேறினாலும் கிழியாது, அண்ணன் போட்டுத் தம்பி போட்டு அப்புறம் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் போடுமாம். இதைப் போலவே நிறையச் செய்து தர முடியுமா என்று அங்கே ஒரு வியாபாரி கேட்டிருந்தார். முதலாளி முடியும் என்றார். அவர் எதைக் கேட்டாலும் முடியும் என்பார். அப்பா அளவெடுத்துக் காகிதத்தில் வெட்டிக்கொண்டார். சாம்பிள் ஆணியில் தொங்கியது.

அது கிடந்த நிலை அப்பாவைப் படுத்தியது. தொடைப் பக்கமெல்லாம் கன்னங்கரேல் என்று எண்ணெய்ப் பிசுக்கு. உட்காரும் இடம் வாணலியின் அடிப்பாகம் மாதிரிப் பளபளத்தது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். பூஜைக்கு முந்தின நாள் அவருக்கு விடிவு பிறந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி எடுத்து, உப்புத்தாளால் இழைத்து, மறுபடி துடைத்து, நிழலில் உலர்த்தி, புதுச் சாயம் கொடுத்து, அது ஏதோ இன்றுதான் மானிடமிருந்து உரித்தது போல ஆக்கிவிட்டார். மறுநாள் கத்தி கத்தரியோடு அதையும் சாமி முன்னால் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டார்கள். சூடம் காட்டும்போது எல்லோரையும் விட அப்பாதான் அதிகமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார் என்று பட்டறையில் சொன்னார்கள்.

பூஜை முடிந்து ஏஜெண்டு வந்தார். ஆணியைப் பார்த்தார். "சாம்பிள் எங்கே?" என்றார். அப்பா பெருமையாகக் காட்டினார். ஏஜெண்டு தோலைத் தொடுவதில்லை என்ற விரதத்தையே மறந்து அதை இரண்டு கையாலும் பிடுங்கினார்.

"என்ன காரியம் பண்ணினீர் ஓய்!"

"அழுக்கா இருந்துச்சு சார்."

"அழுக்குதான் ஓய் அதுக்கு அழகே! அந்த ஜெர்மன் வியாபாரியோட தாத்தா சின்ன வயசுல போட்டது, அப்பா போட்டது, அவர் போட்டது. மூணு தலைமுறை அழுக்கு! அந்த ஊர்ல இதைத் தோய்க்கவே மாட்டா. சாப்ட்டுக் கையை இதுலயேதான் தொடைச்சுப்பா. அப்படிக் கறுத்துப் பளபளத்தாத்தான் கௌரவம். பழகப் பழகத் தோல் இப்படி வரணும்னு உங்களுக்குக் காட்டறதுக்காகத் தன்னோட சொந்த நிஜாரை நம்பி அனுப்பிச்சார். கிறிஸ்மஸ் முடிஞ்சு நேர்ல வந்து வாங்கிண்டு போறேன்னிருக்கார். இதையா காட்டுவேள்?"

அவர் உதறிய வேகத்தில் குங்குமம் அவர் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. முதலாளி கால்சட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "புதுசாக்குனது நீரு. நீரே பழசாக்கும்வே. அந்த ஆளு வாரதுக்குள்ள பழையபடி ஆவலேன்னா ஆர்டரு போச்சு. நீரும் வேற பட்டறை பாத்துக்கிட வேண்டியதுதான்" என்றார். நாங்கள் குடியிருந்த கோலியும், அதாவது ஒற்றை அறை வீடும், முதலாளியுடையதுதான். வேலை போனால் அதுவும் போகும். அதை அவர் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

அந்தக் கால்சட்டை எட்டு வயதுப் பையனின் அளவு. எனக்கு எட்டு வயது. ஊரிலேயே பேர்பெற்ற அழுக்கன் வேறு. மூன்று தலைமுறை அழுக்கை மூன்று மாதத்தில் ஏற்ற என்னைவிடத் தகுதியானவன் யார்? அன்று சாயங்காலமே எனக்கு அதை மாட்டிவிட்டார்கள். அம்மா சுற்றிச் சுற்றி வந்து இழுத்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். "எய்யா, இது கிழியாதுல்லா? தொவைக்கவும் வேண்டாமா?" என்று கேட்டபோது அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். அப்பாவின் வேலை ஊசலாடுவதைக்கூட அவள் ஒரு நிமிஷம் மறந்துவிட்டாள் என்றே நினைக்கிறேன்.

குழாய்ச் சரிவில் அது அற்புதமாக வழுக்கியது. என் பின்னால் பையன்கள் வரிசையில் நின்றார்கள், எனக்குப் பிறகு ஒரு தடவையாவது போட்டுப் பார்க்க. பள்ளிக்கூடத்தில் எழுந்து உட்காரும்போதெல்லாம் கிறீச்சென்றது. மூன்றாவது கிறீச்சுக்கு வாத்தியார் என்னைத் திருப்பி நிறுத்திப் பின்பக்கத்தில் பிரம்பால் வைத்தார். டொப் என்று சத்தம்தான் வந்தது. எனக்கு வலிக்கவில்லை. வலிக்காதது என் முகத்தில் தெரிந்துவிட்டது. அதிலிருந்து உள்ளங்கைக்கு மாறிவிட்டார். ஜெர்மன்காரர்கள் எதற்காக இந்தக் கால்சட்டையைக் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு அன்றே புரிந்தது.

ஆனால் அழுக்கு? இத்தனை நாள் கேட்காமலே வந்து ஒட்டிய சனியன், வா வா என்று கூப்பிட்டபோது வரவில்லை. சிமெண்டுத் தூசி பட்டுப் பின்பக்கம் வெளுத்ததே தவிரக் கறுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அப்பா என்னை வெளிச்சத்தில் நிறுத்தி, குனிந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார். "நாள் முழுக்க என்னல பண்ணுன? இன்னும் அப்பிடியே இருக்கே!" என்று அழுக்காகாததற்காக என்னைத் திட்டினார். தாராவியில் எந்தப் பிள்ளையும் அப்படி ஒரு திட்டு வாங்கியிருக்காது.

சாப்பிட்டுக் கையைத் துடைக்கும் ஜெர்மன் முறையையும் செய்து பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு. அம்மா, நான், மாடி வீட்டுக்காரர்கள் என்று எல்லோரும் சாப்பிட்ட கையை என் தொடையில் துடைத்தார்கள். மறுநாள் பார்த்தால் தொடை மஞ்சள் பூத்துக் கிடந்தது. ஜெர்மன்காரர் தாத்தா மஞ்சள் போட்டுக் குழம்பு சாப்பிட்டிருக்க மாட்டார் என்பது எங்களில் ஒருவருக்கும் முதலில் தோன்றவில்லை. இரண்டு தெருநாய்கள் ஒரு வாரம் என்னைப் பள்ளிக்கூடம் வரை கொண்டுவிட்டன. மஞ்சளை எடுக்க அப்பா மறுபடி உப்புத்தாளைத் தொட வேண்டியதாயிற்று. தொட்டவர், பழக்க தோஷத்தில் முழுவதையும் இழைக்கப் போனார். அம்மா பாய்ந்து பிடுங்கினாள்.

கார்த்திகை வந்தது. இந்தக் கஷ்டம் தீர வேண்டுமென்று அம்மா மாட்டுங்காவில் ஒரு கோவிலுக்கு என்னைக் கூட்டிப்போனாள். வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறவர் என்னைப் பார்த்தார். "தோல் சாமான் உள்ளே போகக் கூடாது" என்றார். மற்றவர்கள் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் எதைக் கழற்றுவது? உள்ளே வேறொன்றும் போட்டிருக்கவில்லை. அம்மா யோசித்தாள். பிறகு செருப்போடு செருப்பாக என்னையும் அங்கேயே உட்கார வைத்தாள். அந்த மனுஷர் தன் தொழிலில் சுத்தமானவர். செருப்புக்கு ஒரு டோக்கனும் எனக்கு ஒரு டோக்கனும் கொடுத்தார். அம்மா சாமி கும்பிட்டுவிட்டு வந்து டோக்கனைக் கொடுத்துத்தான் என்னை மீட்டுப் போனாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சாமியோடு பல வருஷம் நான் பேசவில்லை.

வழி காட்டியது முதலாளிதான். மார்கழி பிறந்தும் கால்சட்டை வெளிறியே கிடப்பதைப் பார்த்தவர், பட்டறைக் கதவில் தொழிலாளிகள் கை படும் இடத்தைக் காட்டினார். எத்தனையோ வருஷமாக மெழுகும் மெஷின் எண்ணெயும் தோல்தூளும் வியர்வையும் ஏறி அந்த மரம் கறுத்து மினுங்கியது. "இந்தக் கருப்புதானவே நமக்கு வேணும்? அப்ப இவனக் கதவா நிறுத்தும்" என்றார்.

அன்றிலிருந்து நான் கதவானேன். சாயங்காலம் வேலை விடும் நேரத்தில் வாசலில் நிற்பேன். தொழிலாளிகள் குழாயடிக்குப் போகாமல் ஒவ்வொருவராக வந்து, இரண்டு கையையும் என் தொடையிலும் பின்பக்கத்திலும் நன்றாகத் துடைத்துவிட்டுப் போவார்கள். சிலர் அன்பாகத் தடவுவார்கள். சிலர் அன்றைக்கு முதலாளியிடம் வாங்கிய ஏச்சையும் சேர்த்து என் பின்பக்கத்தில் இறக்குவார்கள். பித்தான் தைக்கிறவர் ஒருவர் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். அவரை மட்டும் அப்பா விடவில்லை.

அப்பா நின்று மேஸ்திரி வேலை பார்த்தார். "அங்க இல்ல, இன்னும் மேல. பையோட வாய்ல தேயி. அங்கதான் ரொம்பக் கறுத்துக் கெடந்துச்சு" என்பார். தேய்த்துக் கழுவிய கை அவருடையது. எந்த இடத்தில் எவ்வளவு அழுக்கு இருந்தது என்று அதற்குத்தானே தெரியும்! ஆனால் அவர் முறை வரும்போது முதலில் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்துதான் என்மேல் துடைப்பார். நாங்கள் சிரித்தால், கையைப் பார்த்துவிட்டு அசடு வழிவார். மனுஷனுக்கு அழுக்காக வரவே இல்லை.

கால்சட்டைக்கு வந்தது. நாளுக்கு நாள் தொடை இருண்டது. பின்பக்கம் முதலில் மங்கலாக, பிறகு மெதுவாக மினுங்கத் தொடங்கியது. ஏஜெண்டு வந்து தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஏறக்குறைய வந்துடுத்து" என்றார். அப்பா அன்று இரண்டு வாய்ச் சோறு கூடச் சாப்பிட்டார்.

ஜெர்மன்காரர் வரும் நாளில் கால்சட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அப்பாவுக்குப் பயம் போகாமல், கடைசியாக ஒரு தடவை எல்லோரையும் துடைக்கச் சொல்லி என்னை வாசலில் நிறுத்தியிருந்தார். அந்த நேரம் பார்த்து, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, ஏஜெண்டோடு ஜெர்மன்காரர் சந்துக்குள் வந்துவிட்டார். நல்ல உயரம், வழுக்கைத் தலை, வெயிலில் சிவந்த மூக்கு. என்னைப் பார்த்து அப்படியே நின்றார். ஏஜெண்டின் முகத்தில் ரத்தம் இல்லை. பாம்பே சென்ட்ரலிலிருந்து வண்டியேறி ஓடிவிடலாமா என்று யோசிப்பவர் போல நின்றார்.

ஜெர்மன்காரர் சந்துச் சகதியில் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். கட்டைவிரலால் தொடைப் பக்கத்தை மெதுவாகத் தடவினார். பையின் வாயைத் தடவினார். ஏதோ சொன்னார். குரல் கம்மியிருந்தது. ஏஜெண்டு மூச்சு வந்தவராகத் திரும்பி, "தாத்தா கை பட்ட இடம் அப்படியே இருக்குங்கறார்" என்றார்.

பட்டறை முழுவதும் மூச்சு விட்டது. முதலாளி தாடியைத் தடவிக்கொண்டார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். வேலை தப்பியது, கோலி தப்பியது. ஆனால் அப்பா முன்னால் வந்தார். அவர் முகம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அடுத்தவன் தாத்தாவின் கை என்று பொய்யாக ஒன்றைக் காட்டி ஒரு மனுஷனைக் கண்கலங்க வைத்ததை அவரால் தாங்க முடியவில்லை.

"சார், அது அவிய தாத்தா கை இல்லேன்னு சொல்லுங்க. எங்க பட்டறை ஆளுக கை. தாத்தா அழுக்க நான் தெரியாமக் கழுவிட்டேன். தப்பு என்னோடது. என்ன மன்னிச்சிரச் சொல்லுங்க."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். இன்றைக்கே பாயும் பானையும் வெளியே வரப்போகின்றன என்று நினைத்தேன். ஏஜெண்டு எச்சில் விழுங்கினார். பிறகு ஜெர்மன்காரரைப் பார்த்து இங்கிலீஷில் பேசினார். நிறையப் பேசினார். கையை நெஞ்சில் வைத்தார், என்னைக் காட்டினார், வானத்தைக் காட்டினார். ஜெர்மன்காரர் கேட்டுக்கொண்டே எழுந்தார். அப்பாவின் இரண்டு கையையும் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடாமல் குலுக்கினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அப்பாவுக்கும் வந்தது.

அப்புறம் ஜெர்மன்காரருக்குக் கால்சட்டை வேண்டியிருந்தது. தோல் அடுக்குக்குப் பின்னால் கூட்டிப்போய் அதைக் கழற்றி வாங்கிக்கொண்டு, அப்பா தன் துண்டை என் இடுப்பில் சுற்றிவிட்டார். என் வாழ்க்கையில் கிழியாத ஒரே துணி அது. துண்டைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். அங்கே ஏஜெண்டு முதலாளியிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"'எங்காத்துப் பண்டம் மாதிரிப் பார்த்துண்டேன், ஒரு சொட்டு ஜலம் படவிடலை, குறை இருந்தா மன்னிக்கணும்'னு உங்க வெட்டுக்காரர் சொல்றார்னு ஜெர்மன்காரர்கிட்டச் சொன்னேன். வேற என்ன சொல்லச் சொல்றேள்? இவர் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தா நாம மூணு பேரும் தெருவுல நிக்கணும்."

முதலாளி வாயைப் பொத்திச் சிரித்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். "ஏல, ஒனக்கு என்ன கேட்டுது?"

"ஒண்ணும் கேக்கல மொதலாளி."

வீட்டுக்குப் போகும்போது அப்பா என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். அப்படி அவர் நடந்து நான் பார்த்ததில்லை. "பாத்தியால? உள்ளதச் சொன்னேன். வேலை போனாலும் போவட்டும்னுதான் சொன்னேன். அந்த மனுஷன் என்ன பண்ணுனாரு? கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. உண்மைக்கு எங்க போனாலும் மரியாதை உண்டும்ல" என்றார். நான் துண்டு அவிழாமல் பிடித்துக்கொண்டு, "ஆமாப்பா" என்றேன்.

அதற்குப் பிறகு நான் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் போனேன் என்றேன். பீடி குடித்துவிட்டு இல்லை என்றேன். பிடிபட்ட ஒவ்வொரு தடவையும் அப்பா முதலில் ஜெர்மன்காரர் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டு, "அந்த மனுஷன் புடிச்ச கைடா இது" என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, அந்தக் கையாலேயே அடிப்பார். அடிக்கு நடுவில் எத்தனையோ தடவை உண்மை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அடி அன்றோடு நின்றிருக்கும். ஆனால் தோல் வேலை பார்த்த அந்தக் கையை அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, வெளியாள் ஒருவர்கூட அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு முதுகைக் காட்டினேன்.